மூன்று வாட்ஸ் போதும்

எங்கள் வீட்டுக்கு முதல்முறை வருகிறவர்கள் இரண்டு கேள்வி கேட்பார்கள். முன்னறையின் இரு மூலைகளிலும் ஆள் உயரத்துக்கு நிற்கிறதைப் பார்த்துவிட்டு, "இது இன்னாங்க, பீரோவா?" என்பது முதலாவது. ஸ்பீக்கர் என்று சொன்னதும், "எத்தன வாட்ஸ்?" என்பது இரண்டாவது. கள்ளக்குறிச்சியில் கல்யாணமோ காதுகுத்தோ, வாட்ஸில்தான் மரியாதை. பந்தலுக்கு சவுண்ட் செட் வாடகைக்கு விடுகிற என் தம்பி தன் பெட்டிகளின் மேல் வாட்ஸைச் சிவப்பு பெயிண்டில் பெரிதாக எழுதி வைத்திருப்பான்.

என் கணவர் அந்தக் கேள்விக்கு நிதானமாக, "மூணு" என்பார்.

"மூணாயிரமா?"

"இல்லீங்க. வெறும் மூணு."

என் தம்பி இதை முதல் தடவை கேட்டபோது சிரித்த சிரிப்பில் அவனுக்குப் புரையேறிவிட்டது. "இன்னா மாமா, யானைப் பசிக்கு சோளப்பொரியா? என் வண்டி ஹாரனே இதைவிட ஜாஸ்தி வரும்."

"இது பாக்கத்தான் யானைடா மச்சான். பசி குருவிப் பசி."

அந்த ஒரு வாக்கியத்தில் விஷயம் முழுக்க இருக்கிறது. எனக்கு அது விளங்க நாளானது. நான் கணக்கு டீச்சர். கல்வராயன் மலையில் அரசுப் பள்ளியில் வேலை. திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் ஏறி, கச்சிராயபாளையம் தாண்டி, வளைவுகளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே போனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் இறங்குவேன். வாரத்தில் பாதிக்கு மேல் அவர் கீழே, நான் மேலே. பள்ளிக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றால்தான் போனுக்கு சிக்னல் வரும். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி இங்கே சொல்ல ஒன்றுமில்லை.

அவர் ஒரு மாடர்ன் ரைஸ் மில்லில் எலக்ட்ரீசியன். இருபது வயதில் போனவர், அங்கேயே நரைத்தார். அவருக்குப் பாம்புக் காது என்று எல்லோரும் சொல்வார்கள். அத்தனை மெஷினும் ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவில் நின்று, எந்த மோட்டாரில் பேரிங் தேய்கிறது என்று காதாலேயே சொல்லிவிடுவார். நான் மில்லுக்குச் சாப்பாடு கொண்டுபோன ஒரு நாள், உள்ளே நுழைந்த வேகத்தில் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடி வந்தேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அந்த ஸ்பீக்கர்கள் வந்தது சங்கராபுரத்தில் ஒரு பழைய தியேட்டரைக் கல்யாண மண்டபமாக மாற்றியபோது. திரைக்குப் பின்னால் தூசி படிந்து கிடந்ததைப் பழைய இரும்புக்காரனுக்குப் போடுவதற்கு முன் இவர் போய் மறித்துவிட்டார். குட்டி யானை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தால் வாசலில் நுழையவில்லை. நிலையைப் பெயர்த்துத்தான் உள்ளே கொண்டுவந்தோம். அன்று நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

முதலில் இவரும் ஊரோடு ஒத்துத்தான் யோசித்தார். பெரிய ஸ்பீக்கர், அதனால் பெரிய ஆம்ப்ளிஃபயர். திருவிழா மைக் செட்டுகளில் முன்பு வைத்திருந்த ஐம்பது வாட்ஸ் வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒன்றைத் தேடிப் பிடித்து மாட்டினார். வால்யூம் திருகியை ஒரு நூல் திருப்பினால் ஜன்னல் கண்ணாடி அதிரும். அதற்குக் குறைவாக வைக்க வழியே இல்லை. பாட்டு ஓடாதபோது 'ஙொய்' என்று ஒரு சத்தம் அறை முழுவதும் நின்றது. மாட்டுக் கொட்டகையில் ஈ மொய்ப்பது போன்ற சத்தம். அதற்குப் பெயர் ஹம்மிங். வால்வுக்குள் எரிகிற இழைக்குப் போகும் கரண்டின் சத்தம் அது. சாதாரணப் பெட்டியில் கேட்கவே கேட்காது.

"இது தியேட்டர் ஸ்பீக்கர். அந்தக் காலத்துல கரண்டும் கம்மி, வால்வும் சின்னது. கொஞ்சூண்டு குடுத்தாலே ஆயிரம் பேருக்குக் கேக்கற மாதிரி செஞ்சிருக்கான்" என்று அவர் எனக்கு விளக்கினார். "மத்த ஸ்பீக்கர் அம்பது வாட்ஸ் வாங்கிக்கினு பண்றதை இது ஒரே வாட்ஸ்ல பண்ணும். ஆனா நல்லதையும் கத்தும், கெட்டதையும் கத்தும். எதையும் மறைக்கத் தெரியாது."

"என்னை மாதிரி" என்றேன்.

"அதான் சின்னதா கட்டணும்னு சொல்றேன்" என்றார், என்னைப் பார்க்காமல்.

அப்படிக் கட்டியதுதான் அந்த மூன்று வாட்ஸ் ஆம்ப்ளிஃபயர். பக்கத்துக்கு ஒரே ஒரு பெரிய வால்வு, அதைத் தட்டி எழுப்ப ஒரு சின்ன வால்வு, ஸ்பீக்கருக்குப் பொருத்தமாக அவரே சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர். கட்டி முடித்தும் மிச்சமாக ஒரு துளி ஹம்மிங் இருந்தது. ஸ்பீக்கரில் புனல் போல விரிந்திருந்த ஹாரனின் வாய்க்குள் தலையை விட்டுக்கொண்டு, ஒரு சின்னத் திருகை ஸ்க்ரூ டிரைவரால் மயிரிழை மயிரிழையாகத் திருப்பி அதையும் அடக்கினார். "மீட்டர் வெச்சுப் பாருங்களேன்" என்று கேட்டதற்கு, "காதுக்கு மேல மீட்டரா?" என்றுவிட்டார். மூர்த்தி சிறிது, கீர்த்தி பெரிது என்று நானே ஒப்புக்கொள்ளும்படி அது பாடியது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, சாப்பிட்டு, பாத்திரம் கழுவிய பிறகு எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஃபேனை நிறுத்துவோம். ஜன்னலைச் சாத்துவோம். ஃபிரிட்ஜின் பிளக்கைக்கூடப் பிடுங்கிவிடுவார். ஆம்ப்ளிஃபயரை மட்டும் போட்டுவிட்டு, பாட்டு எதுவும் வைக்காமல், இரண்டு பேரும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்போம். அதற்கு அவர் வைத்த பெயர் 'சும்மா கேக்கறது'. ஒன்றுமே கேட்கவில்லை என்று அவருக்குத் திருப்தியானால்தான் இசைத்தட்டைத் தொடுவார். பிறகு ஃபிரிட்ஜை மறந்துவிடுவோம். மறுநாள் பால் திரிந்திருக்கும். நான் ஒரு பாட்டம் கத்துவேன்.

அவருக்குப் பிடித்தது ஒரு நாகஸ்வரத் தட்டு. வாசிக்க ஆரம்பிப்பதற்கு முன் வித்வான் மூச்சை இழுப்பது அதில் பதிவாகியிருந்தது. மற்ற ஸ்பீக்கரில் நான் அதைக் கேட்டதே இல்லை. இதில், ஆள் எதிரில் உட்கார்ந்து இழுப்பது போலக் கேட்கும். அந்த இடம் வந்ததும் அவர் ஆள்காட்டி விரலைத் தூக்குவார். "இந்த மூச்சைக் கேக்கத்தான் இவ்ளோ பாடு" என்பார். ஒவ்வொரு தடவையும் சொல்வார். நானும் முதல் தடவை கேட்பது போலத் தலையாட்டுவேன். எனக்கு மலையில் ஐந்து நாளும் பிள்ளைகளின் கூச்சல். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் பஸ்ஸில் வாந்தியை அடக்கிக்கொண்டு இறங்கி வருகிறேன் என்று சில நாள் தோன்றும். அவரிடம் அதைச் சொன்னதும் உண்டு.

ஒரு ஞாயிறு மூச்சு வந்தது, போனது. விரல் எழும்பவில்லை. மில்லில் சீசன் நேரம், அசந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அதன் பிறகுதான் அவர் சொல்லத் தொடங்கினார்: "பவர் பத்தல."

"இன்னா பத்தல?"

"வால்வு வீக் ஆயிடுச்சி. முன்ன மாதிரி வர மாட்டேங்குது."

வால்வை மாற்றினார். இன்னும் பத்தவில்லை. டிரான்ஸ்ஃபார்மரைப் புதிதாகச் சுற்றினார். அதற்கும் பத்தவில்லை. கடைசியில் மூன்று வாட்ஸைக் கழற்றிப் பரண் மேல் வைத்துவிட்டு, நான்கு பெரிய வால்வு வைத்து முப்பது வாட்ஸுக்குப் புதிதாக ஒன்று கட்ட ஆரம்பித்தார். என் தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. "மாமா வழிக்கு வந்துட்டாரு பாத்தியாக்கா" என்றான். குருவிப் பசி என்று சொன்ன மனுஷனுக்கு என்ன ஆயிற்று என்று அவனும் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

வாரத்துக்கு இரண்டு நாள் பார்க்கிறவளுக்கு எது தெரியும்? தண்ணீர்த் தொட்டியடியில் நின்று போன் பேசினால் அவர் குரல் உரக்க வரும். சிக்னல் கோளாறால் கத்துகிறார் என்று எண்ணி நானும் கத்துவேன். தொட்டியில் தண்ணீர் பிடிக்க வருகிற பெண்கள், "வூட்ல சண்டையா டீச்சர்?" என்று கேட்பார்கள். குக்கர் விசில் விட்டுக்கொண்டே இருக்கும், அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படிப்பார். ஆண்பிள்ளைகள் என்றைக்கு அடுப்பைப் பார்த்தார்கள் என்று அதற்கும் எனக்கு ஒரு காரணம் இருந்தது. நான் பேசும்போது என் வாயையே பார்ப்பார், வாரக் கடைசியில் வருகிறவள் மேல் ஆசை என்று எடுத்துக்கொள்வேன். பக்கத்து வீட்டு அம்மா வந்து, "பொண்ணு பரீட்சைக்குப் படிக்குது, பாட்டைக் கொஞ்சம் கம்மி பண்ணச் சொல்லுங்க" என்று கேட்டபோது மட்டும் மனசில் என்னவோ இடறியது. எங்கள் வீட்டுப் பாட்டு அதுவரை வாசலைத் தாண்டியதே இல்லை.

புதிய ஆம்ப்ளிஃபயரின் ஹம்மிங் அவரைப் பாடாய்ப் படுத்தியது. முப்பது வாட்ஸ் அந்த ஸ்பீக்கருக்கு எங்கே ஒத்துப்போகும்? வயரை மாற்றுவார், எர்த் கம்பியை மாற்றுவார், வாரா வாரம் ஒரு புதிய காரணம் சொல்வார். ஒரு சனிக்கிழமை நான் எழுந்து வந்தபோது அவர் முகம் மலர்ந்திருந்தது.

"வா, வா. உக்காரு. ஃபேனை நிறுத்து."

உட்கார்ந்தேன். ஃபிரிட்ஜைப் பிடுங்கினார். ஆம்ப்ளிஃபயரைப் போட்டார். ஹாரனுக்கு எதிரில் போய் நின்று இரண்டு கையையும் விரித்தார்.

"கேளு. ஒண்ணுமே இல்ல. போயே போச்சி."

அறை முழுக்க 'ஙொய்' என்று நின்றது. மாட்டுக் கொட்டகை ஈ. எனக்குப் பல் கூசியது. அவர் கண்ணில் தண்ணீர் நின்றது, சந்தோஷத்தில்.

எனக்கு மறைக்கத் தெரியாது. "இருக்குங்க" என்றேன்.

"எது?"

"ஹம்மிங். நல்லாவே இருக்கு."

அவர் ஹாரனுக்குள் தலையை விட்டார். நெடுநேரம் விட்டிருந்தார். வெளியே எடுத்தபோது முகத்தில் கோபம் இல்லை, கவலைதான் இருந்தது. அந்தக் கவலை என்னைப் பற்றியது. "உனக்குத்தான் காதுல என்னமோ ஆயிடுச்சி. வாரா வாரம் மலை ஏறி இறங்குற. காது அடைச்சிக்கினு இரையும். அதை வுடக் கூடாது" என்றார். நான் எவ்வளவோ சொன்னேன். எனக்குக் காதில் இரைச்சல் இருக்கிறது, அதை நான் ஹம்மிங் என்று நினைத்துக்கொள்கிறேன் என்பதில் அவர் அசையவில்லை. இத்தனை வருஷமாக எல்லோரும் பாம்புக் காது என்று சொன்ன மனுஷன், என் காதில்தான் கோளாறு என்று நம்பினார்.

திங்கட்கிழமை எனக்கு லீவு சொல்லச் சொல்லி, பைக்கில் உட்காரவைத்துக் காது டாக்டரிடம் அழைத்துப் போனார். வழியெல்லாம் ஹாரன் அடித்த லாரிக்கு ஒதுங்கவில்லை. அன்று காலையில்தான் குக்கர் விசிலையும் போனில் கத்தியதையும் சேர்த்துப் பார்த்தேன்.

டாக்டரிடம் என் வியாதியை அவரே விவரித்தார். கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் என்னை உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் அமுக்க வேண்டும். அமுக்கினேன். ஒரு குறையும் இல்லை என்றாள் பரிசோதனை செய்த பெண். அவர் நம்பாமல் அந்தச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வந்தது வந்தோம், உங்களுக்கும் பாத்துக்கலாங்க" என்றேன்.

"எனக்கு எதுக்கு?" என்று சிரித்தார். ஆனால் எழுந்து போனார். அந்த மெஷினைக் கிட்டே பார்க்க ஆசை.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் அந்தப் பெண்ணின் தோளுக்குப் பின்னால் நின்றேன். உள்ளே அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பட்டனைக் கையில் பிடித்துக்கொண்டு, தலையை லேசாகச் சாய்த்து உட்கார்ந்தார். அந்த முகம் எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை 'சும்மா கேக்கற' முகம். அந்தப் பெண் ஒரு திருகியைத் திருப்பினாள். அவர் அமுக்கவில்லை. இன்னும் திருப்பினாள். அவர் பொறுமையாகக் காத்திருந்தார். இன்னும் திருப்பினாள். அவர் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தி, கையை ஆட்டி, இன்னுமா ஆரம்பிக்கவில்லை என்று கேட்டார்.

அந்தப் பெண் திருப்பிக்கொண்டே இருந்தாள். ரொம்ப நேரம் கழித்து அவர் ஒரே ஒரு தடவை அமுக்கிவிட்டு, சரியாகச் செய்தேனா என்பது போல எங்களைப் பார்த்தார்.

"மில்லு சத்தம்" என்றார் டாக்டர், அவருக்குக் கேட்கும்படி உரக்க. "நரம்பு தேஞ்சிருக்கு. போனது வராது. இருக்கறதைக் காப்பாத்திக்கணும். மெஷின் மாட்டிக்கினா பேச்சு கேக்கும்."

அவர், "இவளுக்கு ஒண்ணும் இல்லியே?" என்று கேட்டார். அதைக் கேட்டதும் நான் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன்.

காதில் மாட்டுகிற மெஷின் வாங்கினோம். பேச்சுக்கு அது உதவியது. அதை மாட்டிக்கொண்டு நாகஸ்வரத் தட்டைப் போட்டார். பாதியில் ஊசியைத் தூக்கிவிட்டார். "தகர டப்பால கல்லைப் போட்டு உருட்டற மாதிரி இருக்கு" என்றார். ஹாரன்களின் மேல் போர்வை போர்த்தினார். ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினோம். மில்லில் அவரை மோட்டார் சத்தம் இல்லாத ஸ்டோர் ரூமுக்கு மாற்றினார்கள். நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுக்கிற வேலை. என் தம்பி வந்தால் வாட்ஸ் பேச்சை எடுக்கவே மாட்டான். அவன் அப்படி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

வகுப்பில் கவனிக்காத பிள்ளைகளைப் பார்த்து, 'செவிடன் காதில் ஊதின சங்கு' என்று திட்டுவது என் வழக்கம். ஒரு நாள் அது பாதி வாயிலேயே நின்றுவிட்டது. பிள்ளைகள் மீதியை எடுத்துக்கொடுத்தார்கள். அவர்களைக் கணக்குப் போடச் சொல்லிவிட்டுத் தொட்டியடிக்குப் போய் நின்றேன்.

மழை ஆரம்பித்த சமயம் ஒரு ஞாயிறு, நான் பாத்திரம் கழுவிவிட்டு வந்தால் போர்வைகளை மடித்து வைத்திருந்தார். முப்பது வாட்ஸ் ஆம்ப்ளிஃபயரைக் காணோம். அந்த இடத்தில் பழைய மூன்று வாட்ஸ் உட்கார்ந்திருந்தது. துடைத்திருந்தார். வால்வுகள் புதிது.

"இன்னாங்க இது?"

"அந்த முப்பது எனக்குக் கட்டுனது" என்றார். "எனக்கு எத்தினி வாட்ஸ் குடுத்தாலும் இனிமே பத்தாது. உனக்கு மூணு போதும். உக்காரு, வால்வு மாத்துனதுல ஹம்மிங் இருக்கும். நீ கேட்டுச் சொல்லு, நான் திருப்பறேன்."

"மீட்டர் வெச்சுப் பாத்துடலாமே."

"மீட்டரா பாட்டு கேக்கப் போவுது? நீதானே."

ஃபேனை நிறுத்தினோம். ஜன்னலைச் சாத்தினோம். ஃபிரிட்ஜைப் பிடுங்கினார். காதிலிருந்த மெஷினையும் கழற்றி மேசை மேல் வைத்தார். கீழே உட்கார்ந்து ஸ்க்ரூ டிரைவரைத் திருகில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். நான் ஹாரனுக்குள் தலையை விட்டேன். உள்ளே பழைய தியேட்டர் வாசனை இன்னும் இருந்தது. 'ஙொய்' கேட்டது. கையைக் காட்டினேன். அவர் திருப்பினார். ஜாஸ்தியானது. உள்ளங்கையை மறுபக்கம் ஆட்டினேன். அந்தப் பக்கம் திருப்பினார். குறைந்தது. இன்னும் கொஞ்சம். இன்னும் ஒரு மயிரிழை. போதும் என்று கையை மூடினேன். மறுபக்கத்து ஹாரனுக்கும் அப்படியே செய்தோம். என் கையை விட்டு அவர் கண் நகரவே இல்லை.

"நின்னுடுச்சா?"

"நின்னுடுச்சிங்க" என்று அவர் காதருகே உரக்கச் சொன்னேன்.

"நெஜமா?"

"நான் எப்ப பொய் சொன்னேன்?"

நிஜமாகவே நின்றிருந்தது. அவர் எழுந்து நாற்காலியில் உட்கார்ந்தார். நான் நாகஸ்வரத் தட்டை உறையிலிருந்து எடுத்தேன். எனக்காகத்தானே இவ்வளவும், கேட்டுவிடலாம் என்று நினைத்தேன். மூச்சு வரும்போது விரலை நான் தூக்கலாம், அவர் பார்த்துக்கொள்வார் என்றும் நினைத்தேன்.

"இரு" என்றார். "தட்டு அப்புறம் போட்டுக்கலாம். கொஞ்ச நேரம் இப்படியே கேக்கலாம். இதுல மட்டுந்தான் இனிமே உனக்குக் கேக்கறதும் எனக்குக் கேக்கறதும் ஒண்ணு."

தட்டை உறைக்குள் வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெளியே மழை விட்டிருந்தது.

ஃபிரிட்ஜை மறுபடி போட இரண்டு பேருமே மறந்துவிட்டோம். திங்கட்கிழமை காலையில் பால் திரிந்திருந்தது. நான் இந்தத் தடவை கத்தாமல் அதைக் கொட்டிவிட்டு, பஸ்ஸுக்குக் கிளம்புவதற்கு முன் இரண்டு பேருக்கும் வரக்காப்பி போட்டேன்.